சேவாகிராமம் என்னும் பெயர்

ஊர்ப் பெயர்களோடு பழகுவதே ரயில்வே குமாஸ்தாவின் பிழைப்பு. பார்சல் ஆபீசில் அமர்ந்து நாள் முழுவதும் ஊர்ப் பெயர்களைப் படித்தும் எழுதியும் வருகிற எங்களுக்கு, ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு மூட்டை எவ்வளவு தூரம் வழி தவறிப் போகும் என்பது நன்கு தெரியும். ஆனால் அவ்வாறு வழி தவறிய தபால்களின் காரணமாகவே ஓர் ஊருக்குப் புதுப் பெயர் பிறந்ததென்பதும், அப்பெயரே இன்று உலகறிந்த பெயராய் விளங்குகிறதென்பதும் நம் அன்பர்களில் சிலர் அறியாத செய்தியாக இருக்கலாம். அவ்வூர் நாகபுரியில் வாழும் நமக்குத் தொலைவிலும் இல்லை. ரயிலில் சுமார் 75 கிலோமீட்டர், அவ்வளவுதான். தமிழகத்திலிருந்து பல்லார்ஷா வழியாக வடக்கே வரும்போது சேவாகிராமம் என்ற பெயர்ப் பலகையை நாமெல்லாம் எத்தனையோ முறை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு மணி நேரத்தில் நாகபுரி" என்று படுக்கையைச் சுருட்டத் தொடங்கியிருக்கிறோம். இறங்கியவர்கள் எத்தனை பேர்?

சென்ற குளிர்காலத்தில் குடும்பத்துடன் அங்கே ஒரு நாள் தங்கி வரும் பேறு எனக்கு வாய்த்தது. கண்டவற்றை வரிசைப்படுத்திச் சொல்வதைவிட, அவ்வூரின் பெயரைப் பற்றிச் சிந்தித்தவற்றைச் சொல்வதே பயனுடையது என்று கருதுகிறேன். அங்கே கண்டவை யாவும் அந்த ஒரு பெயரின் உரையாகவே எனக்குத் தோன்றின.

வழி தவறிய கடிதங்கள்

1930-ம் ஆண்டு உப்பு யாத்திரைக்குப் புறப்பட்டபோது, சுயராஜ்யம் கிட்டும் வரை சபர்மதி ஆசிரமத்துக்குத் திரும்புவதில்லை என்று காந்தியடிகள் உறுதி பூண்டார். 1933-ல் அந்த ஆசிரமத்தையே கலைத்துவிட்டார். பின்னர், வர்த்தகராகவும் தேசபக்தராகவும் விளங்கிய ஜம்னாலால் பஜாஜின் அழைப்பை ஏற்று வார்தாவுக்கு வந்தார். வார்தா நகரின் மகன்வாடியில் சில காலம் வாழ்ந்தார். ஆனால் கிராமத்தைப் பற்றிப் பேசுகிறவன் கிராமத்தில் வாழாமல் இருப்பது தகாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1936-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, வார்தாவிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சேகாவ் என்ற குக்கிராமத்துக்கு நடந்தே சென்று சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 66.

சேகாவ் அன்று எப்படி இருந்தது? சரியான சாலை கிடையாது. தபால் நிலையம் கிடையாது. மலேரியா நிறைய உண்டு. குடிமக்களில் பெரும்பாலோர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஏழைகள். காந்தியடிகளின் சிஷ்யையான மீராபென் முன்னமே அங்கே குடியேறி ஊர்ப் பணியில் ஈடுபட்டிருந்தார். காந்தியடிகள் ஊராரைக் கூட்டித் தம் வரவின் நோக்கத்தைச் சொன்னபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரை அன்போடு வரவேற்றார்; ஆனால் தீண்டாமை ஒழிப்பில் மட்டும் தம்மால் உடன்பட இயலாது என்று ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டாராம். அந்த நேர்மையான மறுப்பிலிருந்துதான் அங்கே பணி தொடங்கியது.

அவர் விரும்பியது தனிமை. நடந்தது வேறு. காந்தி இருக்கும் இடத்துக்குக் கடிதங்கள் வந்தன, தந்திகள் வந்தன, தலைவர்கள் வந்தார்கள், நோயாளிகளும் வந்தார்கள். இங்கேதான் எங்கள் தொழிலோடு தொடர்புடைய சிக்கல் பிறந்தது. வார்தாவுக்கு மேற்கே, பூசாவல் செல்லும் ரயில் பாதையில், புல்டாணா மாவட்டத்தில் ஷேகாவ் என்றொரு பெரிய ஊர் இருக்கிறது. கஜானன் மகாராஜ் என்ற மகானின் சமாதியால் புகழ் பெற்ற தலம். ரயில் நிலையமும் உண்டு. சேகாவுக்கு வரவேண்டிய தபால்கள் ஷேகாவுக்குப் போய் அலைந்து திரும்பின. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே 1940-ல் சேகாவ், சேவாகிராமம் ஆயிற்று.

தபால் குழப்பம் தீர ஒரு பெயர் வேண்டுமென்றால் ஏதேனும் ஒன்றை வைத்திருக்கலாம். 'காந்திநகர்' என்று வைத்திருந்தால் ஒரு தபால்கூடத் தவறியிராது. அதை அவர் செய்யவில்லை. பழைய பெயரின் ஓசையைக் கூடியவரை அப்படியே காத்து, அதற்குள் ஒரு பொருளை வைத்தார். மராத்தியில் 'காவ்' என்பதும் வடமொழியில் 'கிராமம்' என்பதும் ஒன்றே. முன்னது பின்னதன் சிதைவு. ஆகவே ஊர் ஊராகவே நின்றது. முன்னால் இருந்த 'சே' மட்டும் 'சேவா' ஆயிற்று. கூட்டியது ஓரெழுத்து. நம் தமிழில் அந்த ஓரெழுத்துக்குத் தனியே ஒரு பொருள் உண்டு என்பதை நினைத்து நான் மகிழ்ந்தேன்: 'வா'!

ஒதுக்கி வைத்த பெயர்

தாம் வாழ்ந்த இடங்களுக்குப் பெயர் வைப்பதில் காந்தியடிகள் எத்துணை கவனம் கொண்டவர் என்பது அவர் வரலாற்றைப் படிப்போர்க்கு விளங்கும். தென்னாப்பிரிக்காவில் 1904-ல் அவர் தொடங்கிய முதற் குடியிருப்பு ஃபீனிக்ஸ் என்ற பெயர் கொண்டது. அது டர்பன் நகருக்கு அருகே, அப்பெயர் கொண்ட ரயில் நிலையத்தை அடுத்த நிலம். 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே, கல்லன்பாக் என்ற நண்பர் அளித்த 1,100 ஏக்கரில் அமைத்த பண்ணைக்கு டால்ஸ்டாய் பண்ணை என்று பெயரிடப்பட்டது. அது ஓர் ஆசானுக்குச் செய்த வணக்கம். அந்தப் பண்ணையில் சத்தியாக்கிரகிகளாய் வாழ்ந்தவர்களில் நம் தமிழ் மக்கள் பலர். அவர்களுடைய குழந்தைகளுக்காகக் காந்தியடிகள் தாமே தமிழ் கற்பிக்கவும் முற்பட்டார் என்பதை நாம் மறத்தலாகாது.

1915-ல் இந்தியா திரும்பி, ஆமதாபாத்தின் கோச்ரப்பில் ஆசிரமம் அமைத்தபோது பெயரைப் பற்றிப் பெரிய ஆலோசனையே நடந்தது. நண்பர்கள் சொன்ன பெயர்களில் ஒன்று தபோவனம், மற்றொன்று சேவாசிரமம். தபோவனம் என்பது தங்கள் தகுதிக்கு மிஞ்சிய பெயர் என்று அவருக்குப் பட்டது. சேவாசிரமம் என்ற பெயர் அவருக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் எந்த வழியில் சேவை செய்வது என்பதை அது சொல்லவில்லை. ஆகவே நோக்கத்தையும் வழியையும் ஒருங்கே காட்டும் சத்தியாக்கிரக ஆசிரமம் என்ற பெயரைத் தேர்ந்தார். 1917-ல் சபர்மதிக் கரைக்கு மாறிய ஆசிரமமும் அதுவே.

இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு 1940-க்கு வாருங்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கி வைத்த 'சேவை' என்ற சொல் மீண்டும் வந்து நிற்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று வேண்டாமென்று விட்டது சேவாசிரமம். இன்று வேண்டுமென்று வைத்தது சேவாகிராமம். ஆசிரமத்துக்கு ஒரு வேலி உண்டு. உள்ளே இருப்பவர் தொண்டர், வெளியே இருப்பவர் தொண்டைப் பெறுபவர். கிராமத்தின் பெயரே சேவை என்றால் அந்த வேலி எங்கே போயிற்று? உழுகிறவனும், நூற்கிறவளும், தெருக் கூட்டுகிறவனும் எல்லாரும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். எவ்வழியில் சேவை என்ற பழைய கேள்விக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது: கிராமத்தின் வழியில்.

ஆசிரமமும் சிரமமும்

நகரவாசிகள் இக்காலத்தில் அலுப்பைத் தீர்த்துக்கொள்ள மலையடிவாரத்திலும் ஆற்றங்கரையிலும் ஓய்வுத் தங்கல்களை நாடிப் போகிறார்கள். அவற்றுக்குச் 'சாந்தி' என்றும் 'ஆனந்தம்' என்றும் 'வனம்' என்றும் அழகழகான பெயர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உழைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும். ஆனால் 'ஆசிரமம்' என்ற சொல்லை நாம் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோமே, அதுதான் பொருந்தவில்லை. அச்சொல்லைச் சற்றே உற்றுப் பாருங்கள். உள்ளே 'சிரமம்' உட்கார்ந்திருக்கிறது! 'சிரம' என்ற வடசொல்லுக்கு உழைப்பு, முயற்சி என்பது பொருள். அதுவே நம் தமிழில் துன்பம் என்ற பொருளையும் பெற்றுவிட்டது. ஆசிரமம் என்பது முயன்று பாடுபடும் இடம்.

'சேவை' என்ற சொல்லும் நம்மிடையே பல கோலம் கொண்டது. பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சேவை என்பது தெய்வ தரிசனம். என் இளைய மகளுக்குச் சேவை என்பது அவள் தாயார் நாழியில் பிழிந்து எலுமிச்சம்பழம் பிழியும் பலகாரம். சேவாகிராமம் போகிறோம் என்றதும் அவள் முகம் மலர்ந்ததற்கு அதுவே காரணம். என்னைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கோ 'சர்வீஸ்' என்பது பென்ஷனுக்கு எண்ணி வைக்கும் வருஷக் கணக்கு. "உங்களுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?" என்று கேட்கிறோம், "யாருக்கு?" என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் சேவாகிராமம் என்ற பெயர் கேட்கிறது.

தொகையை விரித்தால்

பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் தொகைச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, "விரித்துச் சொல்" என்பார். சேவாகிராமம் என்பதையும் மூன்று விதமாக விரிக்கலாம். சேவையால் ஆகிய கிராமம். சேவைக்கு உரிய கிராமம். சேவையினது கிராமம். மூன்றும் பொருந்தும் என்பதை அந்தக் குடில்களே சொல்கின்றன.

சேவையால் ஆகிய கிராமம் என்பதற்கு முதற் சான்று ஆதி நிவாஸ். 1936-ல் எழுந்த முதல் வீடு. பெயருக்குப் பொருளும் அதுவே. அங்கே கிடைக்கும் மண்ணும் மூங்கிலும் மரமும் கொண்டு, அங்குள்ளவர் உழைப்பால் கட்டியது. ஒரே பெரிய அறை. காந்தியடிகளும் அன்னை கஸ்தூரிபாவும் உடனிருந்தோரும் வந்த விருந்தினரும் அதனுள்ளேயே ஆளுக்கொரு மூலையாக வாழ்ந்தனர். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் இட நெருக்கடி என்று அலுத்துக்கொள்ளும் நாம் அங்கே சிறிது நேரம் தரையில் அமர்ந்து பார்ப்பது நல்லது. பின்னாளில் பாபு குடி என்று வழங்கலான குடில் முதலில் மீராபென் தமக்கென்று அமைத்துக்கொண்டது. அதற்குள் பாய், திண்டு, சிறு எழுது மேசை, மூன்று குரங்குப் பொம்மைகள். பாம்புகளைக் கொல்லாமல் பிடித்துத் தொலைவில் விடுவதற்கான மரக்கருவியும் கூண்டும் இருக்கின்றன. வைஸ்ராய் லின்லித்கோ காலத்தில் நிறுவப்பட்ட தொலைபேசியும் இருக்கிறது. ஒரு பேரரசு இந்த மண் குடிலோடு பேச வேண்டியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

சேவைக்கு உரிய கிராமம் என்பதைக் காண விரும்புவோர் பர்ச்சுரே குடிக்குச் செல்ல வேண்டும். பர்ச்சுரே சாஸ்திரி சிறந்த வடமொழிப் பண்டிதர். தொழுநோய் கண்டு, எவரும் ஏற்காத நிலையில் ஆசிரமத்தை நாடி வந்தார். அக்காலத்தில் தொழுநோய் என்றால் ஊரே அஞ்சும். காந்தியடிகள் அவருக்குத் தம் குடிலுக்கு அருகிலேயே குடில் அமைத்துக் கொடுத்து, தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டுப் பணிவிடை செய்தார். நாட்டின் அரசியலே அவர் வாயிற்படியில் காத்திருந்த நாட்களில்தான் இது நடந்தது. அந்தச் சிறு குடிலின் முன் நிற்கும்போது, பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்ளும் நம் வழக்கம் நினைவுக்கு வராமல் போகாது.

அந்தச் சேவை பின்னர் நிறுவனங்களாகவும் வளர்ந்தது. 1937-ல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. கைத்தொழில் வழியே கல்வி என்ற அந்தத் திட்டத்தைச் சேவாகிராமத்தில் நடத்திக் காட்டியவர்களில் தலையாயவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம்; அவருக்குத் துணை நின்றவர் வங்காளக் குடும்பத்தில் தோன்றிய அவர் மனைவி ஆஷா தேவி. கஸ்தூரிபாவின் பெயர் தாங்கிய மருத்துவமனையும், டாக்டர் சுசீலா நய்யார் 1969-ல் தோற்றுவித்த மருத்துவக் கல்லூரியும் இன்றும் சுற்றுவட்டாரத்து ஏழை உழவர்களுக்குப் புகலிடம்.

வார்தாவின் மகன்வாடியில் 1934 முதல் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவரும் ஒரு தமிழரே. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, மேல்நாட்டில் பயின்று பம்பாயில் கணக்குத் தணிக்கையாளராய் நல்ல வருவாயோடு இருந்தவர். கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்துத் தம் முன்னோர் பெயரான குமரப்பா என்பதை மேற்கொண்டார், வருவாயையும் விடுத்தார். மகன்வாடி என்பதும் ஒரு தொண்டரின் பெயரே. காந்தியடிகளின் உறவினரான மகன்லால், போராட்டத்துக்குப் பெயர் தேடியபோது 'சதாக்கிரகம்' என்ற சொல்லைத் தந்தவர். அதைத் திருத்தியே 'சத்தியாக்கிரகம்' என்ற பெயர் அமைந்தது. பெயர் தந்தவரின் பெயர், அவர் 1928-ல் மறைந்த பின்னர், ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது!

மூன்றாவது விரிவு, சேவையினது கிராமம். அதாவது, அது சேவைக்குச் சொந்தம், எவருக்கும் சொந்தமன்று. இதன் பொருள் ஆகிரி நிவாஸில் விளங்குகிறது. 'ஆகிரி' என்றால் கடைசி. ஜம்னாலால் பஜாஜ் தமக்கெனக் கட்டிய வீடு அது. 1946 ஆகஸ்டில் காந்தியடிகள் அங்கிருந்துதான் தில்லிக்குப் புறப்பட்டார். பிறகு நவகாளி, பீகார், கல்கத்தா, மறுபடியும் தில்லி. திரும்பி வரவில்லை. 1948 ஜனவரி 30-ல் எல்லாம் முடிந்தது. ஆதி நிவாஸிலிருந்து ஆகிரி நிவாஸுக்குச் சில நிமிஷ நடை. அந்த நடைக்கு அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

அதே 1948 மார்ச் மாதத்தில் நேரு, இராஜேந்திர பிரசாத், வினோபா முதலியோர் அங்கே கூடி, இனி என்ன செய்வது என்று ஆராய்ந்தார்கள். பெயரில் காந்தி இருந்திருந்தால் அவரோடு அப்பெயரும் வெறும் நினைவுச்சின்னம் ஆகியிருக்கும். சேவை என்று இருந்ததால், போனவர் போக, இருப்பவர்க்கு வேலை மிச்சமிருந்தது. திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்துக்கு அன்பர்கள் அவர் பெயரையே வைத்தார்கள். அது சிஷ்யர்களின் அன்பு. தாம் வைத்த பெயரில் அவர் தம்மை வைத்துக்கொள்ளவில்லை. அது குருவின் அடக்கம்.

நம் வீட்டு வாசலில்

இன்று அங்கே போனால் அந்தப் பழைய கூட்டம் இல்லை. குடில்கள் பழைய முறையிலேயே மெழுகிப் பேணப்படுகின்றன. காந்தியடிகள் நட்ட அரசமரம் ஓங்கி வளர்ந்து நிழல் தருகிறது. காலையும் மாலையும் பிரார்த்தனை நடக்கிறது. சுற்றுலாப் பேருந்துகளும் வருகின்றன. அரை மணி நேரத்தில் படம் பிடித்துக்கொண்டு புறப்படுகின்றன. முன்பு 'வார்தா கிழக்கு' என்றிருந்த ரயில் நிலையத்துக்கும் இப்போது சேவாகிராமம் என்றே பெயர். வழி தவறிய கடிதங்களுக்காக வைத்த பெயர், கடைசியில் ரயில்வே அட்டவணையிலேயே ஏறிவிட்டது.

அட்டவணையில் ஏறுவது எளிது. நடத்தையில் ஏறுவதுதான் அரிது. ஒரு பெயரை நாம் பெரும்பாலும் மாலையைப் போலக் கருதுகிறோம். சூட்டிய அன்றே அதன் வேலை முடிந்துவிடுகிறது. சேவாகிராமம் என்ற பெயரோ எங்கள் ஆபீசில் ஒவ்வொரு நாளும் மேசை மேல் வந்து விழும் உத்தரவைப் போன்றது. இன்று முடித்தாலும் நாளைக்கு மறுபடி வரும்.

பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டு இங்கே வந்து குடியேறிய நாம், எங்கே கூடினாலும் முதலில் ஒரு சங்கம் வைக்கிறோம். அதற்கு நல்ல பெயரும் வைக்கிறோம். பொங்கல் விழாவும் நாடகமும் குறைவின்றி நடக்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால் மாற்றலாகிப் புதிதாக வந்து, இந்தியும் மராத்தியும் தெரியாமல் ரேஷன் கடையில் விழித்து நிற்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு யார் துணை போகிறார்கள்? தெற்கேயிருந்து கூலி வேலைக்கு வந்து ஆஸ்பத்திரியில் தனியே படுத்திருப்பவனை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? அவன் எந்த ஜாதி, எந்த ஜில்லா என்று விசாரியாமல் போய்ப் பார்க்கிறவர் நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்கும் ஒவ்வொரு நாளும், நம் குடியிருப்பும் அந்தப் பெயருக்கு ஓரளவு உரிமை பெறும்.

விடுமுறை கிடைக்கும்போது அன்பர்கள் குழந்தைகளுடன் ஒரு முறை சென்று வர வேண்டுகிறேன். காலை வண்டியில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம். தரையில் அமரவும், மௌனமாக இருக்கவும் குழந்தைகளைச் சற்றே பழக்கி அழைத்துச் செல்லுங்கள். ஊரின் பெயருக்குப் பொருள் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். அகராதியைப் புரட்ட வேண்டாம். பர்ச்சுரே குடியைக் காட்டுங்கள்.